நூற்று நாற்பத்தெட்டு

நூற்று நாற்பத்தெட்டைத் தாண்டக் கூடாது.
சாகுல் சார் சென்னையிலிருந்து அனுப்பிய அட்டவணையில்
சனிக்கிழமைக் கட்டத்தில் இவ்வளவுதான்:
ஒரு மணி நேரம், நிமிடத்துக்குப் பதினெட்டு இழுப்பு,
இதயம் நூற்று நாற்பத்தெட்டு.

பாளையங்கோட்டையில் டயர் கடைக்குப் பின்னால்
முன்பு உர மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகை.
இரண்டு துடுப்பு இயந்திரங்கள், ஒரு மின்விசிறி.
யூரியா வாசம் இன்னும் போகவில்லை.
தண்ணீர் என்று சொல்ல
எங்கள் இரண்டு குப்பிகள்தான்.

காலை உதை, முதுகைச் சாய், கையை இழு.
திரும்பும்போது கை, முதுகு, கால்.
இழுக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு
திரும்பி வருகிற நேரம்.
அதைப் பழகத்தான் எனக்கு இரண்டு வருஷம் ஆனது,
அவசரப்படாமல் வருவதற்கு.

பக்கத்தில் எமீமாள்.
எங்களுக்கு ஒரே படகு. அதில் அவள் முதுகைப் பார்த்தபடி நான்.
மணிமுத்தாறு அணையில் நீர் இறங்கியதிலிருந்து
கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.

ஐந்நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் இருபத்துநாலு.
அவளுக்கும் அதே, எனக்கும் அதே.
சக்கரம் இரண்டும் ஒரே குரலில் இரைந்தன.
இப்படியே போனால் ஒரு மணி நேரத்தில்
கிருஷ்ணாபுரம் தாண்டியிருப்போம்,
இருந்த இடத்திலேயே.

ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது.

மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் இரண்டு வரை.
அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவளே நான்தான்,
மின்வாரிய அலுவலகத்தில், செவ்வாய்க்கிழமை,
ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் எழுத்துப்பிழை பார்த்து.
சமாதானபுரம், சாந்தி நகர், கே.டி.சி. நகர்.
பார்த்தேனே தவிர
படிக்கவில்லை.

தகரம் காய்ந்தது.
நான் எதையும் கூட்டவில்லை.
அதே கால், அதே பதினெட்டு.
நூற்று நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. ஐம்பத்திரண்டு.
முகூர்த்த நாளில் பிச்சிப்பூ ஏறுவதுபோல
சரக்கு அதேதான், விலை மட்டும் ஏறியது.

திரையில் இரண்டு எண்கள்.
வேகத்தைப் பிடித்தால் இதயம் ஓடும்,
இதயத்தைப் பிடித்தால் வேகம் போகும்.

விட்டேன்.
இரண்டு இருபத்தேழு. இருபத்தொன்பது. முப்பத்தொன்று.
எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா,
கால் வலிக்காதவள்
நடுரோட்டில் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளுவதுபோல.

எமீமாள் சக்கரம் இறங்கவில்லை.
'என்னட்டி, செத்துட்டியா?'

பதில் சொல்ல மூச்சு இருந்தது என்னிடம்.
'நூத்தி நாப்பத்தெட்டு.'
'வேகத்தைக் கேட்டேன்'
என்று சொல்வதற்குள் அவளுக்கு
நடுவில் ஓர் இழுப்பு விழுந்தது.

நாற்பத்தொன்றாம் நிமிடம்
சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சுப் பட்டையைக் கழற்றினாள்.
'இது பொய் சொல்லுது' என்று சுவரோரம் எறிந்தாள்.
ஒரே ஓர் இழுப்புதான் தவறியது.
பிறகு அவள் திரையில்
இதயம் இருந்த இடத்தில் ஒரு கோடு.

மிச்சமிருந்த பத்தொன்பது நிமிடத்தை
நான் நானாகவே இழுத்தேன்,
பக்கத்துச் சத்தத்தோடு சேர்ந்துவிடாமல்.
அதுதான் அன்றைக்குக் கஷ்டம்.
கால் இல்லை, நுரையீரல் இல்லை, காது.

முடிந்தபோது என்னைவிட
முந்நூறு மீட்டருக்கு மேல் போயிருந்தாள்.
படகில் அது நடக்காது.
அங்கே அவள் முந்நூறு மீட்டர் முந்தினால்
நானும் முந்துவேன்,
அவள் நெஞ்சு உடைந்தால்
அவள் எடையையும் சேர்த்து இழுப்பேன்.

தரையில் மல்லாந்து கிடந்தாள்.
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தேன்.
கையை உருவப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.
சுவர்க் கடிகாரத்தில் பதினைந்து நொடி.
நாற்பத்துநாலு.
நாலால் பெருக்கி நான் சொல்லவில்லை,
அவளே பெருக்கிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது.

'கரண்ட் எப்பட்டி வரும்?'
'ரெண்டு மணிக்கு.'
'உங்க ஆபீசு வெளங்கும்' என்றாள், கண்ணைத் திறக்காமல்.

விரலை எடுக்க மறந்திருந்தேன்.
நாற்பது. முப்பத்தாறு.
அவள் எதுவும் செய்யவில்லை,
அது தானாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது,
அவசரப்படாமல்.